சேற்ற கொப்பியில என்ர நிரல்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு செயலாளர் மூண்டு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நானும் பாப்பம் பாப்பம் எண்டு கடத்திக்கொண்டே வந்திட்டன். இந்தமுறை கடத்த மனம் வரேல்லை. போன மார்கழியில எங்கட பிசிக்ஸ் சேர் போயிட்டார். 98 ஏ.எல் பெடியளுக்கு ஆர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, பேர் போட வேண்டாம் எண்டு அவற்ற மகளும் கேட்டவ, அதால சேர் எண்டே எழுதுறன், எங்களுக்கு சேர் எண்டா அவர்தானே.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 95 ஒக்ரோபர் 30 ராத்திரியைப் பற்றி எழுத மாட்டன், எல்லாரும் நடந்தனாங்கள், எல்லாருக்கும் தெரியும். ஒண்டு மட்டும். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட சனம் நகரேலாமல் நிக்கேக்க எனக்கு முன்னால சேற்ற சைக்கிள். கரியரில அரிசிப் பை, அதுக்கு மேல ஒரு பிவிசி பைப்புத் துண்டு, ரெண்டு வாயும் சொப்பின் பாக்கால இறுக்கிக் கட்டியிருந்தது. மழை கொட்டுது. நான் ஏதோ தண்ணிக் குழாய் எண்டு நினைச்சனான். உள்ளுக்கு நட்சத்திர வரைபடம் எண்டு அஞ்சு மாசம் கழிச்சு மீசாலையிலதான் கண்டன்.

96 மார்ச். ஒரு வளவில மூண்டு குடும்பம், கிணத்தடியில வரிசை. சேர் ரெண்டு வீடு தள்ளி இருந்தவர். ஒருநாள் பின்னேரம் வந்து, தம்பி, இண்டைக்கு ரா ஒரு மணிக்கு எழும்பும், மற்றப் பெடியளையும் எழுப்பும் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். எழும்பினம். வளவு முழுக்கப் பாய் விரிச்சு சனம் படுத்துக் கிடக்குது, கறண்ட் இல்லாத நாடு, ஒரு வெளிச்சமும் இல்லை. அண்ணாந்து பாத்தா சப்தரிஷிக்கும் சுவாதிக்கும் இடையில பஞ்சைப் பிச்சு வைச்ச மாதிரி ஒண்டு, அதில இருந்து வால் ஒண்டு தலைக்கு மேலால போய்க்கொண்டே இருக்கு, கழுத்தைத் திருப்பித்தான் பாக்க வேணும். ஹியாகுடாகே வால்வெள்ளி. ஜப்பான்காரர் ஒருத்தர் பெரிய பைனாகுலரால ஜனவரி 30 கண்டுபிடிச்சு ரெண்டு மாசம் கூட ஆகேல்லை, மார்ச் 25 பூமிக்குக் கிட்ட ஒன்றரைக் கோடி கிலோமீற்றரில போனது, சந்திரன் இருக்கிற தூரத்தைப் போல 40 மடங்குதான், வால்வெள்ளிக்கு அது உரசிக்கொண்டு போற மாதிரி. அம்மம்மா எழும்பி வந்து ஒருக்காப் பாத்திட்டு, தூமகேது, இனி என்னத்தைக் கொண்டுபோகப் போகுதோ எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டா. சேர் மறுத்து ஒண்டும் சொல்லேல்லை. அந்த வருசம் அம்மம்மாவுக்கு மறுத்துச் சொல்ல ஆருக்கும் வாய் வராது.

நான் சுவாதியைக் காட்டி, சேர், அதுதான் கூட வெளிச்சம், இது மங்கல் எண்டன். சேர் அதுக்கு மறுமொழி சொல்லேல்லை. விடியக் கிணத்தடிக்கு வரச்சொல்லி, உடுப்புக்குப் போடுற நீலம் இருக்கெல்லோ, அதில ஒரு துளி செம்புத் தண்ணியில விட்டார், கருநீலமா வந்தது. பேந்து அதே ஒரு துளியை வாளித் தண்ணியில விட்டார், நீலம் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது. எதில நீலம் கூட எண்டு கேட்டார். ரெண்டிலயும் ஒண்டுதான் எண்டு சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. நட்சத்திரம் செம்பு, வால்வெள்ளி வாளி. அதின்ர வெளிச்சம் பரந்து கிடக்குது, மொத்தத்தைக் கூட்டித்தான் நட்சத்திரத்தோட ஒப்பிட வேணும். இதுக்குப் பிறகு நான் கனக்கப் புத்தகம் வாசிச்சிட்டன், இதைவிட வடிவா விளங்கப்படுத்தினதை ஒண்டிலயும் காணேல்லை.

எப்பிடிக் கூட்டுறது எண்டதுதான் மிச்சக் கதை, அதுக்குள்ள என்ர கண்ணாடி வருது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆறாம் வகுப்பில இருந்து நான் சோடாப்போத்தில். ஆரும் சும்மா இருக்கேக்க கண்ணாடியைப் பறிச்சுக்கொண்டு ஓடுவியள், நான் தடவிக்கொண்டு நிப்பன், அதில ரெண்டு மூண்டு பேர் இப்ப இந்தச் சங்கத்துக் கொமிற்றியில இருக்கினம், அவையில எனக்குக் கோபம் இல்லை. ஆனா அந்த நேரத்தில அது எனக்குப் பெரிய வெக்கம். சேர் செய்தது என்னெண்டா, எங்கட வகுப்பிலயே இந்த வேலைக்கு வாய்ப்பான கண் உம்மடதுதான் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னவர். வால்வெள்ளியைக் கண்ணாடியோட பாத்து, அது எவ்வளவு பெரிசு, எவ்வளவு வெளிச்சம் எண்டு மனசில பிடிச்சுக்கொள்ள வேணும். பிறகு கண்ணாடியைக் கழட்டிப்போட்டு நட்சத்திரத்தைப் பாக்க வேணும். கழட்டினா எனக்கு நட்சத்திரம் எல்லாம் புள்ளியாத் தெரியாது, ஊதி வட்டமா வரும், அதுவும் ஒரு வாளிதான். கண்ணாடியை மூக்கில கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்கு இழுத்தா அந்த வட்டம் வால்வெள்ளியின்ர அளவுக்கே வரும். அதைவிட ஒண்டு வெளிச்சம் கூட, ஒண்டு குறைய எண்டு ரெண்டு நட்சத்திரம் பிடிச்சு, இடையில எங்க நிக்குது எண்டு கணிச்சு நம்பர் எழுதுறது, மக்னிற்றியூட் எண்டுறது இந்த வெளிச்ச நம்பரைத்தான். வெளிநாடுகளில பைனாகுலரைக் குழப்பி இதையே செய்யினம். எங்களிட்ட பைனாகுலர் இல்லை, இருந்தாலும் அந்த நேரம் ஆமிக்கு முன்னால வெளிய எடுக்கேலுமோ.

ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி ஊருக்கு வந்தம். கேல்-பொப் வால்வெள்ளி வந்த காலம் அது. 95 ஆடியில ரெண்டு பேர் அமெரிக்காவில ஒரே ராத்திரி தனித்தனியக் கண்டது, அப்ப அது வியாழனுக்கும் அங்கால நிண்டது, அவ்வளவு தூரத்திலயே தெரிஞ்சபடியா எல்லாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு. சேருக்கு மட்டும் பயம். 73இல கொஹூடெக் எண்ட வால்வெள்ளி நூற்றாண்டிலயே பெரிசா வரும் எண்டு சொல்லி வந்து ஏமாத்தினதை அவர் இளந்தாரியாப் பாத்தவர். வெறும் கல்லெண்டா சூரியனுக்கு அரைவாசித் தூரம் கிட்ட வந்தா நாலு மடங்கு பிரகாசமாகும், வால்வெள்ளியில ஐஸ் ஆவியாகிக் கிளம்புறபடியா கிட்டத்தட்ட 16 மடங்கு எண்டு ஒரு கணக்கு, ஆனா எந்த வால்வெள்ளியும் அந்தக் கணக்கைப் படிச்சிட்டு வாறதில்லை எண்டு சொல்லுவார். அதாலதான் ஒவ்வொரு நாளும் பாக்கிறது. வட்டுக்கோட்டையில படிப்பிச்ச காரைநகர் அலன் ஏபிரகாமைப் பற்றிச் சொல்லுவார், 1910இல ஹேலி வந்த காலத்தில இந்த மண்ணில இருந்து அதை ஆராய்ஞ்சு எழுதின மனிசன். எங்கட ஆக்கள் பாத்த வானம் இது தம்பி, ஆரோ பாத்து எங்களுக்குச் சொல்ல வேணும் எண்டில்லை எண்டுவார்.

ஒரு சிஆர் கொப்பி. முதல் நிரல் திகதி, ரெண்டாவது சேர், மூண்டாவது நான். ஊரடங்கு, இருட்டினா றோட்டில நிக்கேலாது, அவர் கொக்குவிலில தன்ர வளவில, நான் கோண்டாவிலில எங்கட வளவில. காலமை பிரார்த்தனைக்கு முன்னம் வேப்பமரத்தடியில ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாமல் எழுத வேணும். கேட்டிட்டு எழுதினா ரெண்டு கண் இல்லை, ஒரு கண்தான் எண்டு சொல்லுவார். முகில் எண்டா மு. பாக்கேல்லை எண்டா ஒரு கோடு. மூண்டில ஒண்டு கட்டாயம் இருக்க வேணும், வெறுமையா விடக்கூடாது.

பாக்கிறது லேசில்லை. ஜாம் போத்தல் விளக்கை நூத்துப்போட்டு இருபது நிமிசம் கிணத்துக்கட்டுக்குப் பின்னால இருட்டில இருக்க வேணும், கண் பழக வேணும். நல்லாப் பழகி வரேக்க பலாலி ஆமிக் காம்ப் பக்கம் பரா லைற், பரசூட்டில தொங்கி எரியிற வெளிச்சக் குண்டு, ஒண்டு போகும், வளவெல்லாம் மஞ்சள் வெளிச்சம், பனை நிழல் எல்லாம் நிலத்தில அசையும், பேந்து முதல்ல இருந்து இருபது நிமிசம். 97 மார்ச்சில வால்வெள்ளி வடமேற்கில நல்லாப் பதிவா நிண்டது. அடிவானத்துக்குக் கிட்ட எண்டா காத்து வெளிச்சத்தைத் திண்டிடும், பத்துப் பாகையில ஒரு மக்னிற்றியூட்டுக்கு மேல போயிடும், அதால அதே உயரத்தில நிக்கிற நட்சத்திரத்தைத் தேடு எண்டுவார். பேர்சியஸ் நட்சத்திர மண்டலத்தில அல்கோலைத் தொடாதே எண்டும் சொன்னவர், அது ரெண்டு நாளும் 20 மணித்தியாலமும் 49 நிமிசமும் ஆனாப் படுத்து எழும்பிற நட்சத்திரம், அதை நம்பினா உன்ர வால்வெள்ளியும் சேந்து படுக்கும். நான் ஒருநாள் அதைத்தான் பிடிச்சு எழுதிக்கொண்டு போனனான்.

இனிச் சொல்லுறதுதான் நான் எழுத வந்த விசயம்.

மார்ச் கடைசிக் கிழமை ஒருநாள் நான் பாக்கப் போகேல்லை. வீட்டில மாமா வந்திருந்தார், கதவைச் சாத்திப்போட்டு அப்பாவோட கதைக்கிறார், ஏஜென்ற், காசு, கொழும்பில எங்க நிக்கிறது எண்டு. கதை என்னைப் பற்றி. நான் திண்ணையில இருந்து கேட்டுக்கொண்டே இருந்திட்டன், எழும்பி வெளிய போகவேணும் எண்ட நினைவே வரேல்லை. காலமை வேப்பமரத்தடியில கொப்பியைத் தந்தார். முதல் நாள் நான் எழுதினது சைபருக்குக் கீழ 0.6, அண்டைக்கு 0.7 எண்டு போட்டன். குறைஞ்சா வெளிச்சம் கூட, கூடிக்கொண்டுதானே வந்தது, பிழைக்காது எண்டு நினைச்சன்.

சேர் கொப்பியைப் பாத்தார். அவற்ற நிரலில மு.

அதில வைச்சு ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டாம் பாடத்துக்கு வந்து, நேற்று ஆராவது வால்வெள்ளி கண்டனீங்களோ எண்டு வகுப்பைக் கேட்டார். இல்லை சேர், ஒரே முகில் எண்டு கோண்டாவில் பெடியள்தான் முதல் சொன்னது. என்னை எழுப்பினார். தம்பி, நீர் எங்க நிண்டு பாத்தனீர்? வகுப்புச் சிரிச்சது. எனக்குக் காது சுட்டுது, கண்ணாடி முழுக்கப் புகார் பிடிச்சிட்டுது. அவர் சிரிக்கேல்லை. 0.7 சில நேரம் சரியான நம்பராக் கூட இருக்கும், ஆனா நேற்று அது திடீரெண்டு வெடிச்சுப் பத்து மடங்கு வெளிச்சமாகியிருந்தா உம்மட நம்பர் அதை இல்லை எண்டு சொல்லியிருக்கும் எண்டார். கொப்பியை மேசையில வைச்சு வெட்டச் சொன்னார். வெட்டிப்போட்டு நான் மு எண்டு எழுதப் போனன். பேனையில கை வைச்சுத் தடுத்தார்.

மு எண்டு நீர் எப்பிடி எழுதுவீர்? நீர்தான் பாக்கேல்லையே. கோடு போடும்.

கோடு போட்டன். வகுப்பில அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை. அண்டு பின்னேரமே சேரிட்டப் போய், வீட்டில இப்பிடி ஒரு கதை நடக்குது, அதால நான் பாக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. அந்த நாளில ஆரும் போறதை ஆருக்கும் சொல்லுறேல்லை எண்டு இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தனான்.

புதுவருசத்தோட வால்வெள்ளி மேல ஏறிச்சுது, இருட்டின பிறகும் பனைக்கு மேல வடிவா நிண்டது, கப்பெல்லா நட்சத்திரத்தோட ஒப்பிட நல்ல வசதி. அந்த ரெண்டு கிழமையும் நான் ஒரு நாளும் விடேல்லை. ஏப்ரல் கடைசியில ஊரை விட்டுப் போகப் பாஸ் கிடைச்சு, திருகோணமலைக்குக் கப்பல். முதல் நாள் காலமை வழமை போல நம்பரை எழுதிப்போட்டு, வாறன் சேர் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். ஓம் தம்பி, நாளைக்குக் காண்பம் எண்டார்.

பிறகு உங்கள் எல்லாருக்கும் நடந்ததுதான் எனக்கும். கொழும்பு, இன்னும் ரெண்டு நாடு, கனடா. 2007 ஒக்ரோபரில ஹோம்ஸ் எண்ட ஒரு சின்ன வால்வெள்ளி, பெரிய தொலைகாட்டியாலயே தேட வேண்டிய 17ஆம் மக்னிற்றியூட்டில கிடந்தது, ரெண்டு நாள் ஆகமுன்னம் வெடிச்சு வெறுங்கண்ணுக்குத் தெரிய வந்திட்டுது, கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் மடங்கு. நைட் ஷிப்ற் இடைவேளையில பக்டரி பார்க்கிங்கில நிண்டு பாத்தன். பேர்சியஸில, சேர் சொன்ன அல்கோல் இருக்கிற அதே மண்டலத்தில, மஞ்சளா ஒரு வட்டம். அவர் வகுப்பில சொன்னது கண்ணுக்கு முன்னால நிக்குது. உடன கோல் பண்ணிச் சொல்ல வேணும் போல இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை பூட்டின காலம், அங்க லைன் எடுக்கிறது கரைச்சல் எண்டு சாட்டுச் சொல்லி விட்டிட்டன். பாதை திறந்த பிறகும் எடுக்கேல்லை. பத்து வருசமா எடுக்காத ஆள் இருபதாம் வருசத்தில எடுத்து என்னெண்டு துவங்கிறது.

2024 ஒக்ரோபரில சுச்சின்சான்-அட்லஸ் வால்வெள்ளி வந்தது. ஸ்காபரோவில மேற்கு வெளிச்ச ஒரு பிளாசா பார்க்கிங், இடப்பக்கம் வெள்ளி, வலப்பக்கம் சுவாதி, நடுவில அது. மகன் போனால படம் எடுத்தான். நான் கண்ணாடியைக் கழட்டினன். இருபத்தேழு வருசத்துக்குப் பிறகும் சுவாதி அப்பிடியே ஊதி வட்டமா வந்தது. 0.8 எண்டு பெற்றோல் ரிசீற்றுக்குப் பின்னால எழுதினன். அப்பா என்ன எழுதுறியள் எண்டு கேட்டான். அண்டைக்கு சேர் உயிரோட இருந்தவர், அதுதான் எனக்கு இப்ப நெஞ்சுக்குள்ள நிக்கிறது.

செத்தவீடு முடிஞ்சு ஒரு மாசத்தில மகள் வட்ஸ்அப்பில எழுதினா. அண்ணா, அப்பாவின்ர மேசைக்குள்ள ஒரு பழைய கொப்பி, உங்கட பேர் இருக்கு எண்டு படம் எடுத்து அனுப்பினா. மூண்டு நிரல். வெட்டின 0.7, பக்கத்தில நான் போட்ட கோடு. ஏப்ரல் கடைசியில என்ர கையெழுத்து நிக்குது. அதுக்குக் கீழ நிரல் வெறுமையா இல்லை, வால்வெள்ளி மேற்கில இறங்கிப் போற மே கடைசி மட்டும் ஒவ்வொரு நாளும் சேற்ற நிரலில நம்பர், என்ர நிரலில சேற்ற கையால ஒரு கோடு.

மு எண்டா முகில் எண்டு அப்பா முன்பக்கத்தில எழுதியிருக்கிறார், இந்தக் கோடு என்ன அண்ணா, அதுவும் முகிலோ எண்டு கேட்டா.

இல்லைத் தங்கச்சி, வானம் வெளிச்சுத்தான் இருந்திருக்கு, அப்பாவின்ர நம்பர் இருக்குத்தானே எண்டு எழுதினன். கோடெண்டா ஆள் பாக்கேல்லை.