தூணை விடாத பையன்

ஜெர்மனியின் யூல்ட்சென் ஸ்டேஷனில் இன்று ரயில் மாற இறங்கினால், ஒரு பொடியன் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறான். அப்பா வாட்சையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

தூணும் அப்படித்தான் இருக்கிறது. நீலம், பச்சை, மஞ்சள் என்று பளபளக்கும் பீங்கான் வளையங்கள், ஜாடிகளை அடுக்கின மாதிரி வயிறு பெருத்து.

1847-லேயே இந்த ஊருக்கு ரயில் வந்துவிட்டது. இப்போதுள்ள செங்கல் கட்டடம் ஹூபர்ட் ஸ்டியர் கட்டியது, ஹனோவர் பெரிய ஸ்டேஷனும் அவர் கைவேலைதான்.

கிழக்கே ஸ்டெண்டால், பெர்லின் வரை போன பாதைக்கு 'அமெரிக்கா லைன்' என்று பேர். அமெரிக்காவுக்குக் கப்பலேறப் போனவர்களை பிரேமன் துறைமுகப் பக்கம் கொண்டுபோன தடம். 1945-க்குப் பிறகு கிழக்கு, மேற்கு ஜெர்மனி எல்லை குறுக்கே விழுந்தது, தண்டவாளம் அறுந்தது. மறுபடி ரயில் ஓட 1999 ஆகிவிட்டது. பெர்லின் சுவர் விழுந்தே பத்து வருஷம் கழித்து!

அப்புறம்தான் இந்த வண்ணமெல்லாம். ஹனோவரில் நடந்த உலகக் கண்காட்சி எக்ஸ்போ 2000-ஐ ஒட்டி ஆஸ்திரிய ஓவியர் ஹுண்டர்ட்வாசர் பழைய செங்கல்லை இடிக்காமல் அதன்மேலேயே தூணும் தங்க உருண்டையும் ஏற்றினார். கொஞ்சம் ஓவர்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

வேலை முடிவதற்குள், 2000 பிப்ரவரியில், நடுக்கடலில் கப்பலிலேயே இறந்துபோனார் மனிதர். இப்போது ரயில் ஏறாதவர்கள்கூட கேமராவோடு இந்த ஸ்டேஷனுக்கு வருகிறார்கள்.