சித்திர ரீச்சரும் அல்மா தோமஸும்

நம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சித்திர ரீச்சர் காலமான செய்தி வந்த கையோடு, அவரைப் பற்றி எழுதித் தரும்படி பள்ளி மலர்க் குழுவினர் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் கூடவே இன்னொரு சித்திர ஆசிரியையும் வந்து நிற்கிறார். நான் குடியிருக்கும் இந்த வாஷிங்டனில் வாழ்ந்து, 1978இல் மறைந்த ஓவியர் அல்மா தோமஸ்.

1891இல் ஜோர்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தவர். கறுப்பினப் பிள்ளைகள் அங்கே அருங்காட்சியகத்துக்குள் காலடி வைக்க முடியாத காலம் அது. இனக் கலவரத்துக்குப் பயந்தும் பிள்ளைகளின் படிப்பை நினைத்தும் 1907இல் குடும்பம் வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. (நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.) 1924இல் வாஷிங்டனின் ஹவார்ட் (Howard) பல்கலைக்கழக நுண்கலைத் துறையின் முதல் பட்டதாரியானார். அதே ஆண்டு ஷா இடைநிலைப் பள்ளியில் சித்திரம் படிப்பிக்கத் தொடங்கி, 1960 வரை அங்கேயே இருந்தார். பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் பழக்கினார். 1938இல் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஓவியக் கூடம் ஒன்றை அமைத்தார். அறுபதை நெருங்கும் வயதில், ஆசிரியையாக இருந்துகொண்டே அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்க மாணவியாகச் சேர்ந்தார்.

உலகம் அறிந்த ஓவியங்கள் எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு வந்தவை. மூட்டுவாதம் கையைப் படுத்திய காலம் அது. 1966இல் ஹவார்டில் அவருக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடானபோது, புதிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று வீட்டு யன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைப் பார்த்தார். இலைகளுக்கிடையே ஒளி விழும் விதம்தான் அவருடைய பாணியாயிற்று. 1972இல், 80 வயதில், நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய ‘கிரகணம்’ இருக்கிறது. ஒரு பக்கமாக ஒதுங்கிய கருவட்டம், அதைச் சுற்றி நிற வளையங்கள். கிட்டப் போனால் ஒவ்வொரு வளையமும் தனித்தனித் தூரிகை ஒற்றல். ஒற்றலுக்கும் ஒற்றலுக்கும் இடையில் வெள்ளை. அந்த இடைவெளியில்தான் படம் மூச்சுவிடுகிறது.

நம் ரீச்சருடைய வலது கைச் சுண்டுவிரல் ஓரத்தில் திங்கட்கிழமைகளில் நீலம் காய்ந்திருக்கும். பஸ்ரல் நீலம் அல்ல, எண்ணெய் வர்ணம். வகுப்பில் நாம் எண்ணெய் வர்ணத்தைத் தொட்டதே இல்லை. அப்படியென்றால் சனி ஞாயிறில் ரீச்சர் வீட்டில் வரைந்திருக்கிறார். சோதனை நெருங்கினால் அவருடைய பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அவரும் சோக்கட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் வரைந்ததைக் காட்டச் சொல்லிக் கேட்கும் வயது எனக்கு வருமுன்னே நான் கொழும்புக்கும் பிறகு இங்கேயும் வந்துவிட்டேன். ரீச்சர் ஊரிலேயே இருந்தார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் எந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினார், எதை விட்டுவிட்டு வந்தார்? அல்மாவின் படங்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே இதை வாசிக்கும் அக்காமார், தங்கச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். கலியாணப் பரிசாகவோ பிரியாவிடைக்கோ ரீச்சர் கையால் வரைந்த படம் உங்களில் யாரிடமாவது இருந்தால், பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். ஊரில் இருப்பவர்கள் அவர் வீட்டாரிடமும் கேட்டுப் பாருங்கள். அடுத்த மலரின் நடுப்பக்கங்களை அதற்கென்று ஒதுக்கித் தரும்படி நான் கேட்டிருக்கிறேன்.