“பபா நே”

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டு மேசையும் ஒரு போட்டோகொப்பி மெஷினும் கொள்கிற அறையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், இவைதான் அன்றாடச் சோறு. பிரசவ வழக்குகள் எப்போதாவதுதான் வரும். வந்தால் வேலை முடிந்தும் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த தங்கச்சியின் மடியில் பையன். வயது ஒன்றும் பத்து மாதமும். கழுத்து இன்னும் நிற்கவில்லை. பிறந்தபோது அழவில்லை, மூளைக்கு ஒட்சிசன் போதவில்லை என்று டிக்கெட்டில், அதாவது ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பற்றி எழுதிவைக்கிற குறிப்பில், இருந்தது. சட்டத்தரணி சேருக்கு அவசரம். தாய் தகப்பன் தங்கள் நட்டத்துக்கு வழக்குப் போட இங்கே இரண்டு வருடம்தான். பிள்ளையின் சொந்த உரிமைக்கு, அது மைனராக இருக்கும்வரை அந்த நாள் ஓடாது. அரச வைத்தியசாலை என்பதால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். ஆக, மிச்சம் ஒரே மாதம்.

பைலில் சிடிஜி தாள் இருந்தது. வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பை மெஷின் கோடாக வரைகிற நீளத்தாள். கடை பில் மாதிரி சூட்டில் அச்சாவது, வருடம் போகப் போக மங்கும். அதனால் முதலில் கொப்பி எடுத்தேன். விடியற்காலை 2.10க்குக் கோடு நிற்கிறது. 3.25க்குத் திரும்பத் தொடங்கும்போது துடிப்பு 80. 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டியது. நடுவில் தாளே இல்லாத நேரத்துக்கு டிக்கெட்டில் அரை மணிக்கு ஒருமுறை 140, 140, 140. ஒரே பேனா, ஒரே சாய்வு.

பார்த்தவுடன் பொய் என்று வாய்வரை வந்தது. ஆனால் ராத்திரி லேபர் ரூமில் ஒரு மிட்வைஃப் எத்தனை கட்டிலுக்கு ஓடுவாள் என்றும் எனக்குத் தெரியும். என் சின்னம்மா அந்த வேலையில் இருந்தவ. காதை வைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு ஒரேயடியாக எழுதியிருக்கலாம். கேட்காமலும் எழுதியிருக்கலாம்.

தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, பாதிப்பு அதனால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். குழந்தை வைத்திய நிபுணரான பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக, இறந்துபோன ஒரு குழந்தையின் தகப்பன் போட்ட வழக்கைச் சேர் அடிக்கடி எடுப்பார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் கொடுத்தது. மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமானது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. குழந்தையின் மரணம் அந்தத் தவறால்தான் என்று நிரூபிக்கப்படவில்லையாம். மூளை பாதிக்கப்பட்டு உடல் அசைவு குன்றுகிற பெருமூளை வாதம் எல்லாமே பிரசவ அறையில்தான் வரும் என்றும் இல்லை. இதைச் சொல்ல நிபுணர் சாட்சி வேண்டும். ஒரு டொக்டருக்கு எதிராக இன்னொரு டொக்டரைக் கூண்டில் ஏற்றுவது லேசான காரியமா?

சரி, என் வேலைக்கு வருகிறேன். தாய் சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலமான சத்தியக்கடதாசியின் ஆங்கில வரைவில், “கருவின் அசைவு நின்றுவிட்டதென ஊழியர்களுக்கு அறிவித்தேன்” என்ற அர்த்தத்தில் ஜூனியர் தம்பி ஒரு வசனம் அழகாக அடித்திருந்தார்.

“நீ என்ன சொன்னாய், அதே மாதிரிச் சொல்லு” என்றேன்.

“முதல்ல தமிழ்ல சொன்னேன் அக்கா. அந்த லேபர் ரூம் மிஸ்ஸுக்கு விளங்கல்ல. எனக்கு சிங்களம் அவ்வளவா வராது. வயித்தத் தொட்டுக் காட்டி ‘பபா நே, பபா நே’ன்னேன்.”

பபா என்றால் குழந்தை, நே என்றால் இல்லை. டிக்கெட்டில் இந்த இரண்டு சொல் எங்கேயும் இல்லை. தாய் புகார் சொன்னதாகவே ஒரு வரி கிடையாது. ஜூனியரின் வசனத்தை விட்டால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே “எந்த மொழியில் அறிவித்தீர்கள்?” என்று வரும். தம்பியோடு கொஞ்சம் சண்டை பிடித்து, அவள் சொன்ன சொல்லையே போட்டு, பக்கத்தில் அர்த்தம் கொடுத்தேன்.

“அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

“பய வென்ன எப்பா.”

பயப்படாதே. அதையும் எழுதினேன். முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். பேனாவை வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் நின்றாள்.

“அக்கா, அந்த மிஸ் என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் சொன்னாங்க. அதையும் போடுங்க.”

வழக்குக்கு அது தேவையில்லை என்றார் ஜூனியர். நடந்ததுதானே என்றாள் அவள். பதினான்காம் பந்தியைத் திரும்ப டைப் பண்ணினேன்.