லியோனார்ட் கோஹனின் 15 ஆல்பங்களை வரிசைப்படுத்துவது

மூத்த பாடகர்களின் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்துவது இசைப் பத்திரிகை மேசைகளுக்கு வழக்கமாக வந்து சேரும் வேலை. அதில் லியோனார்ட் கோஹன் அளவுக்குத் திணறடிப்பவர்கள் குறைவு. மான்ட்ரியலில் பிறந்து, கவிஞராகவும் நாவலாசிரியராகவும் அறியப்பட்ட பிறகு, 33 வயதில்தான் அவர் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். 1967 முதல் 2016 வரை 14 ஸ்டுடியோ ஆல்பங்கள், மறைவுக்குப் பின் 2019இல் இன்னொன்று. முதல் தட்டில் கிட்டார் மீட்டிப் பாடும் இளைஞரையும், கடைசித் தட்டுகளில் அடித்தொண்டையில் கிட்டத்தட்டப் பேசியே பாடும் முதியவரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும்.

முதலில் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நேரடிக் கச்சேரிப் பதிவுகளும் தொகுப்புகளும் கணக்கில் வராது. 2009இல் வெளிவந்த 'லைவ் இன் லண்டன்' கேட்டுப் பழகிய காதுக்கு, அதே பாட்டுகளின் ஸ்டுடியோ வடிவம் வெறிச்சென்று தோன்றும். அந்தக் குறையை ஸ்டுடியோ ஆல்பத்தின் தலையில் கட்டிவிடுவோம். மறுபதிப்பில் ஒட்டிய கூடுதல் பாட்டுகளும் வேண்டாம். முதல் ஆல்பம் 10 பாட்டோடு முடிகிறது. 2007 மறுபதிப்பு அதன் பின்னால் இன்னும் 2 பாட்டைச் சேர்க்கிறது. முடிவு மாறினால் ஆல்பமே மாறிப்போகும்.

வெளிவந்த வரிசையில், ஆண்டு தாண்டாமல் கேட்பது நல்லது. ஒலி அளவை ஒவ்வொரு ஆல்பத்துக்கும் சமப்படுத்திக்கொள்ள வேண்டும். பிற்காலப் பதிப்புகள் உரத்து ஒலிப்பதாலேயே மேலானவையாகத் தோன்றிவிடும். முதல் சுற்றில் பாடல் வரிகளைக் கையில் எடுக்காதீர்கள். கோஹனின் வரிகள் அத்தனை வலுவானவை. படிக்க ஆரம்பித்தால் இசை காதில் விழாது, கவிதைத் தொகுப்புக்கு மார்க் போட்டுக்கொண்டிருப்போம்.

இந்த வேலையில் மிக அதிகம் நடக்கும் தவறு, ஒரு பாட்டின் புகழை ஆல்பத்தின் கணக்கில் வரவு வைப்பது. 'வேரியஸ் பொசிஷன்ஸ்' (1984) 'ஹல்லெலூயா' இருப்பதால் பட்டியல்களில் தானாக மேலே ஏறுகிறது. கொலம்பியா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை அப்போது வெளியிட மறுத்த ஆல்பம் அது. அந்தப் பாட்டை உலகமெங்கும் கொண்டுபோனவை 1991இல் ஜான் கேலும் 1994இல் ஜெஃப் பக்லியும் பாடிய வடிவங்கள். இசைத்தட்டில் அது இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. அதை எடுத்துவிட்டு மீதி 8 பாட்டைக் கேட்டாலும் தொடக்கப் பாட்டான 'டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்', முடிவில் வரும் 'இஃப் இட் பி யுவர் வில்' இரண்டும் தாங்கி நிற்கின்றன. நடுவில் தொய்வு உண்டு. 6ஆம் இடம் நியாயமானது.

அடுத்தது கருவி மேலுள்ள வெறுப்பு. கிட்டார் கோஹனை நேசிப்பவர்கள் 'ஐ'ம் யுவர் மேன்' (1988) ஆல்பத்தின் சின்தசைசரையும் ட்ரம் மெஷினையும் கேட்டவுடன் கீழே தள்ளிவிடுவார்கள். இறங்கிப்போன அந்தக் குரலுக்கு நடுச்சுருதியை நிரப்பும் கிட்டாரைவிட, இடைவெளி விட்டு ஒலிக்கும் அந்த மின்னணுத் தாளம்தான் பொருந்தியது. 'ஜாஸ் போலீஸ்' என்ற ஒரு பாட்டுதான் அதை முதலிடத்திலிருந்து இறக்குகிறது.

முதலிடம் 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்' (1971). 8 பாட்டு மட்டுமே. பாப் ஜான்ஸ்டன் தயாரிப்பு. பால் பக்மாஸ்டரின் தந்தி இசை குரலை அலங்கரிக்க வராமல் அதைத் துரத்துகிறது. 'அவலாஞ்ச்' தொடங்கி 'ஜோன் ஆஃப் ஆர்க்' வரை எந்தப் பாட்டையும் இடம் மாற்ற முடியாது. 2ஆம் இடம் 'யு வாண்ட் இட் டார்க்கர்' (2016). நோயோடு வீட்டிலிருந்தே பாடியது. அக்டோபர் 21 வெளிவந்தது, நவம்பர் 7 அவர் இறந்தார். இந்தச் செய்தி கேட்பவரின் தீர்ப்பைக் கட்டாயம் சாய்க்கும். ஆனாலும் மான்ட்ரியல் யூத ஆலயப் பாடகர் குழு பின்னணியில் எழும் அந்தத் தலைப்புப் பாட்டு, எந்த ஆண்டில் வந்திருந்தாலும் அதே உயரத்தில்தான் நிற்கும். மூன்றாவது 'ஐ'ம் யுவர் மேன்', நான்காவது இடம் 1967இல் வந்த அவரது முதல் ஆல்பத்துக்கு. கடைசி இடம் 'டியர் ஹெதர்' (2004). குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள்களைப் போன்ற துண்டுகள்.

பலர் சேர்ந்து மதிப்பிடும்போது சராசரி எடுப்பது ஆபத்து. ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த 'டெத் ஆஃப் எ லேடீஸ் மேன்' (1977) ஆல்பத்துக்கு ஒருவர் 5ஆம் இடம் தருவார், இன்னொருவர் 15. சராசரி 10, அப்படி நினைப்பவர் அறையில் ஒருவரும் இல்லை. இத்தகைய ஆல்பத்துக்கு எண்ணோடு கருத்து வேறுபாட்டையும் எழுதிவிட வேண்டும்.

'தேங்க்ஸ் ஃபார் தி டான்ஸ்' (2019) ஆல்பத்தைப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற கேள்வியையும் அந்த 1977 ஆல்பத்தை வைத்தே தீர்க்கலாம். ஸ்பெக்டர் நாடாக்களை எடுத்துப்போய், கோஹன் தற்காலிகமாகப் பாடி வைத்த குரலோடு, அவர் இல்லாமலே மிக்ஸிங்கை முடித்தார். 2019இல் விட்டுப்போன குரல் பதிவுகளுக்கு இசை சேர்த்தவர் முந்தைய ஆல்பத்தையும் தயாரித்த மகன் ஆடம். உயிரோடிருந்தபோது கைமீறிப்போனதை ஏற்றுக்கொள்பவர்கள், அவர் மனத்துக்கு நெருக்கமான இதை ஒதுக்க முடியாது. 9ஆம் இடம்.