வாளிக் குமிழியிலிருந்து கடல் நுரை வரை

கடல் நுரையை அதன் சத்தத்தை வைத்தே அளக்க ஆசை. அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் பீசோ வில்லை ஒன்றில் கம்பியைப் பற்றவைத்து, எபாக்சிப் பசையில் முக்கி எடுத்து, அதற்கு ஹைட்ரோபோன் (நீருக்கடி மைக்) என்று பெயரும் வைத்தாயிற்று. முதல் நாள் பதிவில் மின்சார உறுமல்தான் இருந்தது. கவசக் கம்பிக்கு மாறி, வில்லையை ஒட்டியே ப்ரீஆம்பை (சிறு சிக்னலைப் பெருக்கும் சுற்று) வைத்ததும் அடங்கியது.

கடலுக்கு முன் வாளி. மெல்லிய குழாயில் காற்றை விட்டால், குமிழி குழாய்முனையிலிருந்து கழன்று விடுபடும் கணத்தில் 'டிங்' என்கிறது. உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரிய, சுற்றியுள்ள நீர் எடையாக ஆடுகிறது. இயற்பியலாளர் மின்னார்ட் 1933-லேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். நீர்மட்டத்துக்கு அருகில் என்றால் 3.26-ஐ மில்லிமீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் போதும், ஒலியின் அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில் கிடைத்துவிடும். என் குமிழி ஏறக்குறைய 1.6 கிலோஹெர்ட்ஸில் ஒலித்தது. அளவுகோலை வைத்து எடுத்த படத்தில் விட்டம் 4 மில்லிமீட்டர், அதாவது ஆரம் 2; கணக்கு அப்படியே பொருந்திவிட்டது. அன்று இரவு தூக்கமே வரவில்லை!

அப்புறம் கடல். நுரை கூடக் கூட சத்தமும் கூடும் என்று நினைத்துத்தான் போனேன். அலை மடிந்து விழும்போது இரைச்சல் எகிறியது, சரி. ஆனால் ஹைட்ரோபோனின் தலைக்கு மேல் வெள்ளையாக நுரை பரவிய நேரத்தில் பதிவு மந்தமாகிவிட்டது. எபாக்சி விரிசல் விட்டு நீர் புகுந்துவிட்டதென்று கருவியைத் திட்டிக்கொண்டே வீடு வந்து, வாளியில் போட்டால் கணீரென்று வேலை செய்கிறது.

கோளாறு என் நினைப்பில்தான். குமிழி பாடுவது பிறக்கும்போது மட்டும், அதுவும் சில மில்லிவினாடிகள். பிறகு அது ஊமை. ஊமையானதோடு நிற்காமல் மற்ற ஒலியையும் விழுங்குகிறது. நீரில் நூற்றில் ஒரு பங்கு காற்று கலந்தாலே, நொடிக்கு 1500 மீட்டர் போகும் தாழ்சுருதி ஒலி சுமார் 100 மீட்டராகத் தளர்ந்துவிடும். நுரை ஒரு கம்பளி. சத்தத்தின் உரப்பை வைத்து நுரையை அளக்கப் பார்த்தது வீண்வேலை.

இப்போது அலை மடியத் தொடங்கும் முதல் கணத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கிறேன். ஒரு துடிப்பு அழகாகத் தனியே நின்றது: 5 மில்லிவினாடியில் 12 அலைவு, மீன்முள் போலப் படிப்படியாகச் சிறுத்தது. 2.4 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஆரம் 1.36 மில்லிமீட்டர். இப்படித் தனித்துக் கிடைப்பவை குறைவு. மற்றதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மேற்பட்ட குமிழிகளை நீரின் கொந்தளிப்பே பிய்த்துப் போடுகிறது என்று டீன், ஸ்டோக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2002-இல் காட்டியிருக்கிறார்கள். அந்த எல்லை என் குமிழி அளவு வரைபடத்தில் தெரிகிறதா என்று கேட்காதீர்கள். பொடிக் குமிழிகள் ஒலிக்கும் உயர்சுருதியில் மணல் உரசும் சத்தமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஊமைக் குமிழிகளைப் பிடிக்க, நுரையின் ஒரு பக்கம் ஸ்பீக்கர், மறுபக்கம் ஹைட்ரோபோன் வைத்து, நடுவில் எவ்வளவு ஒலி தொலைகிறது என்று பார்க்கப் போகிறேன். ஸ்பீக்கருக்கு நீர் புகாத உறை செய்யும் வேலை பாதியில் நிற்கிறது. ஊற்றிய எபாக்சிக்குள்ளேயே குமிழி மாட்டிக்கொண்டது.