மீன் வைக்கிற இடத்தில் ஆள்

டிசம்பர் 2

வாடை எழும்பிவிட்டது. இனி தை கடைசி மட்டும் வங்காள விரிகுடா குமுறிக்கொண்டுதான் கிடக்கும், இடையில் புயலும் வரலாம். இந்த நேரத்திலும் கள்ளப் படகில் ஆள் ஏற்றுகிற ஏஜென்சிக்காரர் வாயில் "பத்து நாளில் அவுஸ்திரேலியா" என்ற பேச்சுத்தான். அந்தப் பத்து நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீர்கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கொக்கோஸ் தீவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,800 கி.மீ. பாரம் ஏற்றிய பலநாள் படகு மணிக்கு 12 கி.மீ. ஓடினால் இராப்பகலாக நிற்காமல் ஓடிப் பத்து நாளில் சேரும். எதிர்க்காற்று, நீரோட்டம், எஞ்சின் பழுது எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தண்ணீரைப் பாருங்கள். 60 பேர், குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லீற்றர் என்றால் நாளைக்கு 180, பத்து நாளைக்கு 1,800 லீற்றர். படகோ ஐந்தாறு தொழிலாளர் தங்கி மீன் பிடிக்கக் கட்டியது. தொட்டி கொள்ளாத மிச்சத் தண்ணீரைக் கானில் ஏற்றினால் டீசல் கானுக்கு இடம் போதாது. இரண்டில் ஒன்றைக் குறைக்க வேண்டி வந்தால் ஏற்றுகிறவர் தண்ணீரைத்தான் குறைப்பார். நாலாம் ஐந்தாம் நாள் பிள்ளைகள் கடல் தண்ணீரில் வாய் வைப்பது அதனால்தான். கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்ததைவிடக் கூடிய தண்ணீரை உடம்பிலிருந்து எடுக்கும். ஒரு மிடறு குடித்தாலும் தாகம் கூடும், பிறகு புத்தி தடுமாறும்.

டிசம்பர் 5

ஐஸ் கிடங்கைப் பற்றி விபரமாக எழுத வேண்டும்.

பலநாள் படகின் தட்டுக்குக் கீழே இருக்கிற பெட்டி அது. ஃபைபர் சுவர், உள்ளே குளிர் காக்கிற நுரை அடைப்பு. ஒரு ஆள் மட்டும் இறங்கக்கூடிய சதுர வாய், அதன்மேல் கனமான மூடி. ஐஸ் உருகக்கூடாது என்பதற்காக வெளிக்காற்று புகாதபடி கட்டியிருப்பார்கள். நேவியின் கண்ணில் படாமல் கரையைத் தாண்ட ஆட்களை இதற்குள் இறக்கி மூடுகிறார்கள்.

கிடங்கு 10 கன மீட்டர், அதாவது 10,000 லீற்றர் காற்று என்று வைப்போம். சும்மா இருக்கிற ஆளே மணிக்கு ஏறத்தாழ 18 லீற்றர் கரியமில வாயு விடுகிறார். 20 பேருக்கு 360 லீற்றர், அதாவது ஒரு மணித்தியாலத்தில் 3.6 சதவீதம். இரண்டு மணியில் 7 சதவீதத்தைத் தாண்டும். 10ஐ நெருங்கும்போது நினைவு தப்பும். ஆட்களின் உடம்பு அடைக்கிற இடத்தையும் கழித்தால், பயத்தில் மூச்சு வேகமாவதையும் சேர்த்தால், இன்னும் சுருக்காக நடக்கும்.

முதலில் தலையிடி, பிறகு நாய் இளைப்பது போல மூச்சு, பிறகு தூக்கம். "களைத்துப்போய் படுத்திட்டான்" என்று பக்கத்திலிருப்பவர் விட்டுவிடுவார். அந்தத் தூக்கத்தில்தான் உயிர் போகிறது. எஞ்சின் அறையை ஒட்டிய கிடங்கில் புகை கசிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் சேரும். அதற்கு மணமே இல்லை.

தரையிலும் இதே கதைதான். 2015 ஆகஸ்டில் ஒஸ்திரியாவின் பாண்டோர்ஃப் அருகே ஒரு குளிர்சாதன லொறிக்குள் 71 பேர். 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் குளிரூட்டிப் பெட்டிக்குள் 39 வியட்நாமியர். எல்லாம் சாப்பாட்டுச் சாமானைக் காப்பாற்றக் கட்டிய பெட்டிகள்.

டிசம்பர் 9

60 பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 3.6 தொன். "இதைவிடக் கூட மீன் ஏத்துற படகு" என்பார்கள். மீனும் ஐசும் அடியில் கிடக்கும், அதனால் படகு நிமிர்ந்து நிற்கும். ஆட்கள் தட்டின்மேல் இருக்கும்போது பாரம் மேலேறுகிறது. எல்லாரும் எழும்பி நின்றால் இன்னும் மேலே.

அதனால் ஆபத்து மிகுந்த நேரம், உதவிக்குக் கப்பல் வருகிற நேரம். எல்லாரும் ஒரு பக்கம் ஓடுவார்கள். 2015 ஏப்ரல் 18ஆம் திகதி இரவு லிபியக் கடலில் ஒரு மீன்பிடிப் படகு, உதவிக்கு வந்த வணிகக் கப்பலோடு மோதி, ஆட்கள் ஒரு பக்கம் சாயக் கவிழ்ந்தது. தப்பியவர்கள் 28 பேர், செத்தவர்கள் பல நூறு. யாருக்காவது இந்த நிலை வந்தால் ஒரேயொரு விஷயம்: இருந்த இடத்தில் இருங்கள், பிள்ளையை மடியில் வையுங்கள், கப்பல்காரர் கூப்பிடும்போது ஒவ்வொருவராக எழும்புங்கள்.

உயிர்காப்பு அங்கி என்று கொடுப்பதில் பல, பொதி கட்டுகிற நுரை அடைத்த போலி. துருக்கியின் இஸ்மிரில் இதைத் தைத்த பட்டறையையே பொலிஸ் பிடித்தது. தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கி வைத்து எடுத்தால் கனத்துப்போயிருக்கும். பெரியவர் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால், அங்கி மிதக்கும், பிள்ளை கீழால் வழுகிப்போகும்.

டிசம்பர் 12

தலைமன்னார் – தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கி.மீ.தான். கிட்ட என்பதால் பயமில்லாமல் ஏறுகிறார்கள். இருட்டில் ஆதாம் பாலத்து மணல் திட்டு ஒன்றில் இறக்கிவிட்டு, "இதுதான் இந்தியா, நடவுங்கோ" என்று வள்ளம் திரும்பிவிடும். திட்டில் நிழலும் இல்லை, ஒரு துளி நல்ல தண்ணீரும் இல்லை. 2022 ஜூனில் தனுஷ்கோடிப் பக்கக் கரையில் ஒரு முதிய தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். அந்த அம்மா சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

டிசம்பர் 17

போய்ச் சேர்ந்தால் சரிதானே என்று கேட்பவர்களுக்கு.

2013 ஜூலை 19இலிருந்து, விசா இல்லாமல் படகில் வருகிறவரைக் குடியேற்றுவதில்லை என்பது அவுஸ்திரேலியாவின் கொள்கை. 2014இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 இலங்கைத் தமிழரை, பிள்ளைகளோடு, நடுக்கடலில் ஒரு கப்பலில் ஏறக்குறைய ஒரு மாதம் அடைத்து வைத்து, பிறகு பசிபிக் தீவான நவுருவுக்கு அனுப்பினார்கள். 2022 நவம்பரில் மியன்மாரிலிருந்து 303 இலங்கையரோடு போன 'லேடி ஆர்3' என்ற படகு பழுதாகித் தத்தளித்தது. ஜப்பானியக் கொடிக் கப்பல் ஒன்று காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது.

கடன் மட்டும் திரும்பி வருவதில்லை. காணியை ஈடு வைத்து 20 இலட்சம், மாதம் 3 வட்டி என்றால் மாதம் 60,000. பிடிபட்டு வந்த பிள்ளைக்கு உள்ளூரில் என்ன சம்பளம் கிடைக்கும்?

டிசம்பர் 20

வேலைக்கென்று போகிறவர்கள் கையில் காசு கொடுக்கும் முன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முகவரின் அனுமதி இலக்கத்தைச் சரிபாருங்கள். அந்த வேலைக்கு, அந்த நாட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் தனியாகக் கேளுங்கள். அனுமதி உள்ளவரின் பெயரைச் சொல்லி அனுமதியில்லாத வேலைக்கு அனுப்புவது பழைய தந்திரம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர் நிலை வேறு. அனுமதியின்றி நுழைந்ததற்காக அகதியைத் தண்டிக்கக்கூடாது என்கிற, 1951 அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு அப்படியானவர்களை எண்ணி எழுதப்பட்டது. அவர்களை நாங்கள் ஒருபோதும் குறைசொல்ல மாட்டோம்.

டிசம்பர் 25

1996இல் நத்தார் இரவில், சிசிலிக்கும் மால்டாவுக்கும் இடையில், யோஹான் என்ற கப்பலிலிருந்து எஃப்174 என்ற சிறிய படகுக்கு ஆட்களை மாற்றினார்கள். கடல் கொந்தளிப்பில் இரண்டும் மோதி, சிறிய படகு மூழ்கியது. இலங்கைத் தமிழர், இந்தியர், பாகிஸ்தானியர் என்று குறைந்தது 283 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் கிரேக்கத்தில் சொன்னதை யாரும் நம்பவில்லை. சிசிலியின் போர்ட்டோபாலோ ஊர் மீனவர் வலைகளில் உடல்கள் வந்தன. விசாரணையில் தொழில் நின்றுவிடும் என்று பயந்து திரும்பக் கடலில் போட்டார்கள். 2001இல், வலையில் வந்த ஒரு ஜீன்ஸில் இலங்கைத் தமிழ்ப் பையன் ஒருவனின் பிளாஸ்டிக் உறையிட்ட அடையாள அட்டை கிடைத்த பிறகுதான் படகைத் தேடிப்போய்க் கமராவில் பார்த்தார்கள்.

யாராவது சொல்லாமல் புறப்பட்டுவிட்டால் வீட்டார் இவற்றைக் கைவசம் வைத்திருங்கள்: அடையாள அட்டை, பாஸ்போட் பிரதிகள், பல் தெரியச் சிரிக்கிற அண்மைப் படம், தழும்பு, மச்சம், கட்டின பல் பற்றிய குறிப்பு, கடைசியாகப் பேசிய நேரமும் நம்பரும், ஏஜென்சிக்காரர் நம்பர், காசு கொடுத்த துண்டு, படகின் பெயர், ஏறிய கரை. செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமற்போனவரைத் தேடித்தரப் பதியும்போது இவை உதவும்.