மண் ஈரப்பத சென்சாருக்கு எஃப்சிசி சான்று வாங்கிய அனுபவம்

கோவையில் நாங்கள் தயாரிக்கும் மண் ஈரப்பத சென்சார், லோரா என்ற, குறைந்த பவரில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ வழியாகத் தகவல் அனுப்பும். இங்கே 865 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பண்ணை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்ததும், "ஃப்ரீக்வன்சியை 915-க்கு மாத்திட்டா போதும்" என்பதே எல்லோருடைய பேச்சாக இருந்தது. உண்மையில் வேலை ஆரம்பித்ததே அங்கேதான்.

902–928 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் 15.247 விதி பொருந்தும். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சேனல் தாவி அனுப்புவதென்றால் குறைந்தது 50 சேனல் வேண்டும். 20 விநாடிக்குள் ஒரு சேனலில் 0.4 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நாங்கள் இங்கே பயன்படுத்தும், லோராவின் மிக மெதுவான வேகமான எஸ்எஃப்12-இல் ஒரு செய்தி போகவே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதனால் 500 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு மாறினோம். அதில் தாவத் தேவையில்லை. ஆனால் ரிசீவரின் உணர்திறன் 6 டெசிபல் குறையும். விதி 1 வாட் வரை இடம் தருவதால் அந்த இழப்பைப் பவரைக் கூட்டிச் சரிக்கட்டினோம்.

பவர் கூடினால் ஹார்மோனிக்கும், அதாவது அனுப்பும் ஃப்ரீக்வன்சியின் மடங்குகளில் கசியும் சிக்னலும், கூடும். 915-இன் மூன்றாவது ஹார்மோனிக் 2745 மெகாஹெர்ட்ஸ். அது தடைசெய்யப்பட்ட 2690–2900 பட்டைக்குள் விழுகிறது. அங்கே 3 மீட்டர் தொலைவில் அளந்தால் மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட்தான் வரம்பு. முழுச் சோதனைக்கு முன் லேபில் அரைநாள் ப்ரீஸ்கேன் (முன்னோட்ட அளவீடு) எடுங்கள் என்று யாரைக் கண்டாலும் சொல்கிறேன். சுழலும் மேசையில் ஃபோம் மேல் சென்சாரை நிமிர்த்தி, படுக்கவைத்து, பக்கவாட்டில் சாய்த்து அளந்தார்கள். சாய்த்தபோது மட்டும் 2745-இல் கோடு வரம்பைத் தொட்டது. பேட்டரி வயர் ஆண்டெனாபோல் வேலை செய்திருக்கிறது. வயரைக் குறுக்கி, ஆண்டெனாவுக்கு முன்னுள்ள ஃபில்டரில் ஒரு கட்டம் சேர்த்ததும் இறங்கிவிட்டது.

லேபுக்குப் போகும்போது தனி ஃபர்ம்வேர் கட்டாயம் வேண்டும்: கீழ், நடு, மேல் சேனல்களில் இடைவிடாமல் அனுப்பும்படி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அனுப்பும் சாதனத்தை வைத்துக்கொண்டு அவர்களால் எதையும் அளக்க முடியாது.

சான்று தருவது எஃப்சிசி நேரடியாக அல்ல. டிசிபி என்ற அங்கீகாரம் பெற்ற தனியார் அமைப்பு. லேப் ரிப்போர்ட்டை வாங்கி முத்திரை குத்தித் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கோப்பைப் பார்த்தவர் சர்க்யூட் வரைபடத்தையும் சாதனத்தின் உட்பகுதியைக் காட்டும் உள்படங்களையும் ஒப்பிட்டு, ஃபில்டர் மாறியது இரண்டிலும் இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கவனம் எனக்கு மரியாதையைத்தான் கூட்டியது. ஆண்டெனாவை யார் வேண்டுமானாலும் கழற்றி மாற்ற முடியுமா என்பது அடுத்த கேள்வி. திருகிக் கழற்றக்கூடிய சாதாரண எஸ்எம்ஏ கனெக்டர் என்றால் ஏற்க மாட்டார்கள். எங்களுடையது போர்டிலேயே சால்டர் செய்தது என்பதால் அதோடு விட்டார்கள்.

ரகசியக் காப்பு தனியாகக் கேட்க வேண்டும். சர்க்யூட், பிளாக் டயக்ராம், இயங்குமுறை விளக்கம் மூன்றையும் நிரந்தரமாக மறைக்கலாம். உள்படங்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது தற்காலிக மறைப்புதான். பிறகு உலகமே பார்க்கலாம். 2023 முதல் சட்ட அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள, அமெரிக்காவில் முகவரியுள்ள ஏஜென்ட் ஒருவரையும் நியமித்துக் காட்ட வேண்டும். இதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

இப்போது பர்ச்சேஸ் பிரிவிலிருந்து விலை குறைந்த வேறு ஆண்டெனா போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அதே வகை, சமமான அல்லது குறைந்த கெய்ன் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் அளவு) என்றால் போடலாம். வேறு வகை என்றால் மறுபடியும் டிசிபியிடம்தான் போக வேண்டும்.